கடைக்குப் பின்னால் கிடந்த டயர்கள்

கடலூர் ஓ.டி. என்கிற பழைய நகரத்தில் அப்பாவுக்கு டயர் கடை. பஞ்சர் ஒட்டுவதில் ஆரம்பித்து, லாரி டயர் கழற்றி மாட்டுவது, ரீட்ரேடிங்குக்கு அனுப்பி வாங்கித் தருவது என்று முப்பத்தைந்து வருஷம் ஓடியது. சிப்காட்டுக்குப் போகிற லாரி, துறைமுகத்துக்கு ஐஸ் ஏற்றிவருகிற வண்டி, சிதம்பரம் பக்கம் நெல் ஏற்றப் போகிற வண்டி எல்லாம் கடையைத் தாண்டித்தான் போகவேண்டும், அதனால் வேலைக்குக் குறைவே இருந்ததில்லை. நான் சொல்ல வந்தது கடைக்குப் பின்னால் இருந்த பத்துக்கு முப்பது இடத்தைப் பற்றி.

புது டயர் மாட்டிக்கொண்டு போகிறவர்களில் பாதிப்பேர் பழையதை எடுத்துப் போக மாட்டார்கள். "நீங்களே வச்சுக்குங்க அண்ணே" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். அதில் மறுபடி பட்டன், அதாவது ரோட்டில் படுகிற வரி போட்ட மேல்ரப்பர், போட்டு ஓட்டத் தேறுகிறதை அப்பா தனியே எடுத்து வைப்பார். துறைமுகத்துக்காரர்கள் வந்து படகு உரசாமல் இருக்கக் கட்டித் தொங்கவிட நாலைந்து கேட்டு வாங்கிப் போவார்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்து ஊரில் பாதிக் கூரை பறந்துபோனபோது, தார்ப்பாய் மேல் பாரம் வைக்க ஒரு வாரத்துக்கு ஆட்கள் வந்து டயர் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், அன்றைக்குத்தான் அந்த இடம் முழுசாகக் காலியானதை நான் பார்த்தேன். அடுத்த தீபாவளிக்குள் மறுபடி தலைக்கு மேல் வந்துவிட்டது.

2015 நவம்பர் வெள்ளத்தில் அவை மிதந்தன. முட்டியளவு தண்ணீரில் டயர் மிதந்து தெருவுக்குப் போய், ஒன்று எதிர்வீட்டுத் திண்ணையில் ஏறி உட்கார்ந்திருந்தது. தண்ணீர் வடிந்த பிறகு தேடித் தேடி எடுத்துவந்து அடுக்கினோம். மூன்றாவது வாரம் அக்கா மகளுக்குக் காய்ச்சல், டெங்கு என்றார்கள். எட்டு நாள் ஆஸ்பத்திரி. யாரும் எங்களைக் குற்றம் சொல்லவில்லை, ஊரெல்லாம் தண்ணீர் நின்றது, எங்கிருந்து வந்த கொசு என்று யார் சொல்ல முடியும். ஆனாலும் கொசு ஒழிப்புக்கு வந்தவர் டார்ச் அடித்து ஒரு டயருக்குள் காட்டியதை நான் மறக்கவில்லை. உள்ளே புழு துள்ளிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு ஒரு டயரிலிருந்து தண்ணீரைக் கொட்ட நான் பட்ட பாட்டைச் சொல்லவேண்டும். முயற்சி செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். நிமிர்த்தினால் அடியில் தேங்கும், சாய்த்தால் பக்கவாட்டில் ஓடும், உருட்டினால் டயரோடு சேர்ந்து உருளும், கவிழ்த்தால் பாதி வெளியே வரும், மீதி அந்தப் பக்கத்து விளிம்புக்குள் போய் ஒளிந்துகொள்ளும். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு குவளைத் தண்ணீர் உள்ளேயே இருக்கும். டெங்குவைப் பரப்புகிற ஏடிஸ் கொசுவுக்கு அது போதும். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஈரமான ரப்பரில் முட்டையை ஒட்டிவைத்துவிட்டுப் போய்விடும், தண்ணீர் காய்ந்துபோனாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் சாகாமல் கிடந்து அடுத்த மழைக்குப் பொரியும். ஆக, கொட்டிக் காயவைத்தாலும் தீரவில்லை.

அன்றிலிருந்து என் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிற விஷயம் இதுதான்: டயரில் இருக்கிற சரக்கு நல்ல சரக்கு, அதன் உருவம்தான் எல்லா வம்பையும் இழுத்துவருகிறது. தண்ணீரைப் பிடித்துவைப்பது அந்த உருவம். மிதக்கவைப்பது அந்த உருவம். குப்பைக்கிடங்கில் புதைத்தால், உள்ளே சிக்கிய காற்றால் மெல்ல மெல்ல மேலே வந்துவிடும், அதனாலேயே பல நாடுகளில் முழு டயரைப் புதைக்கக் கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறார்கள். குவியல் தீப்பிடித்தால் ஒவ்வொரு டயருக்குள்ளும் காற்று இருக்கிறது, மேலே ஊற்றுகிற தண்ணீர் வழிந்து ஓடும், உள்ளே எரிந்துகொண்டே இருக்கும். 1983-ல் அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்து வின்செஸ்டர் ஊர்ப் பக்கம் சுமார் 70 லட்சம் டயர் கொண்ட குவியல் ஒன்று பற்றிக்கொண்டு ஒன்பது மாதம் எரிந்தது. அப்பாவின் கடைக்குப் பின்னால் இருந்தது நூறோ இருநூறோதான், ஆனால் பக்கத்திலேயே வெல்டிங் பட்டறை.

எரிப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். போகிக்கு முந்தின நாள் தெருப் பையன்கள் வந்து "மாமா, ரெண்டு டயர்" என்று நிற்பார்கள். அப்பா ரொம்ப வருஷம் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார், இடம் காலியாகிறதே என்று. விடியற்காலையில் தெரு முழுக்கக் கறுப்புப் புகை, வாசலில் போட்ட கோலத்தின் மேல் கரித்துகள், பாட்டி இருமிக்கொண்டே கதவைச் சாத்துவாள். டயர், பிளாஸ்டிக் எரிக்காதீர்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒவ்வொரு போகிக்கும் சொல்கிறது. அக்கா மகள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வருஷம்தான் அப்பா கொடுப்பதை நிறுத்தினார்.

சரி, உருக்கி வேறு ஏதாவது செய்யக் கூடாதா? பிளாஸ்டிக் குடத்தை உருக்குகிறார்கள், இரும்பை உருக்குகிறார்கள். டயரை முடியாது. காரணம் 1839-ல் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்த வேலை. ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடேற்றினால், தனித்தனியாக வழுக்கிக்கொண்டிருந்த ரப்பர் இழைகளைக் கந்தகம் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுவிடும். வெயிலில் பிசுபிசுக்காது, குளிரில் உடையாது. அந்த முடிச்சு இல்லாவிட்டால் டயர் என்ற ஒன்றே இல்லை, ஆனால் அந்த முடிச்சு விழுந்த பிறகு சூடாக்கினால் கருகுமே தவிர உருகாது. அவித்த இட்லியை மறுபடி மாவாக்க முடியுமா? முடியாது. ஆனால் உதிர்த்து உப்புமா செய்யலாம். டயர் மறுசுழற்சியில் பெரும்பகுதி இந்த உதிர்க்கிற வேலைதான்.

அதைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்று போன வருஷம் புதுச்சேரிப் பக்கம் ஒரு தொழிற்பேட்டையில், தெரிந்த லாரிக்காரர் மூலம் சொல்லிவைத்து, ஒரு சின்ன ஆலைக்குப் போனேன். வாசலிலேயே நம் கடைப் பின்புறத்தின் அண்ணன் மாதிரி ஒரு மலை. அதன் அடியில் ஒருவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பைக் டயர் வெட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் சோப்புத் தண்ணீர் வாளி. கத்தியை அதில் முக்கி எடுத்து டயரின் பக்கவாட்டுச் சுவரில் வைத்து இழுக்கிறார், வெண்ணெயில் போவது போல் போகிறது. நான் வாங்கி உலர்ந்த கத்தியால் முயற்சி செய்தேன், நாலு விரற்கடை போய் ரப்பர் கத்தியைக் கவ்விக்கொண்டது. "தண்ணி தொட்டுக்குங்க சார், இல்லாட்டி அது விடாது" என்றார். ஈரம் பட்டால் ரப்பருக்குப் பிடிமானம் போய்விடுகிறது, மழை நாளில் வண்டி வழுக்குகிறதே, அதே காரணம்.

லாரி டயருக்கு முதலில் கம்பி உருவ வேண்டும். ரிம்மில் போய் உட்காருகிற அந்த விளிம்புக்குள் கெட்டியான எஃகுக் கம்பி வளையம் இருக்கிறது, அதை அப்படியே மெஷினில் விட்டால் கத்தி மழுங்கிவிடும். ஒரு கொக்கி அந்த விளிம்பை மாட்டிப் பிடித்து, ஹைட்ராலிக் தண்டு இழுக்க இழுக்க, ரப்பர் கிழிந்து கம்பி மட்டும் வளையமாக வெளியே வருகிறது. இறாலுக்குக் குடல் நரம்பை உருவுகிற மாதிரி ஒரே இழுப்பு. அந்தக் கம்பி பழைய இரும்பாகப் போகிறது, ரப்பர் ஒட்டிக்கொண்டிருந்தால் விலை குறைவு.

அப்புறம் ஷ்ரெட்டர், டயரைத் துண்டாக்குகிற மெஷின். நான் நினைத்துப் போனது மிக்ஸி போலச் சுற்றுகிற ஒரு இயந்திரத்தை. அங்கே இருந்தது கரும்பு ஜூஸ் மெஷினின் பெரிய உருவம். இரண்டு கனத்த தண்டுகள், ஒன்றை நோக்கி ஒன்று மெதுவாகத் திரும்புகின்றன, நிமிஷத்துக்கு இருபது சுற்றுக்குள்தான் இருக்கும், கண்ணால் எண்ணலாம். தண்டு முழுக்க வட்டத் தகடுகள், ஒவ்வொன்றிலும் கொக்கி மாதிரி பல். வேகத்தால் ஒன்றும் ஆகாது, ரப்பர் துள்ளிக்கொண்டு வெளியே வந்துவிடும். பலம்தான் வேண்டும். கன்வேயரில் ஏறிவந்த டயர் தண்டுகள் மேல் விழுந்து ஒரு தடவை குதித்தது, இரண்டு தடவை குதித்தது, மூன்றாவது தடவை ஒரு பல் விளிம்பைக் கவ்வியது. அவ்வளவுதான். வட்டம் முதலில் முட்டை வடிவமாகி, மடங்கி, கீச்சென்று ஒரு சத்தம் போட்டுக்கொண்டு உள்ளே போயிற்று. எங்காவது இறுகிக்கொண்டால் தண்டுகள் தாமாகவே பின்னால் திரும்பி, விட்டுக்கொடுத்து, மறுபடி கடிக்கின்றன. சூடு ஏறாமல் இருக்க மேலிருந்து தண்ணீர் தெளிக்கிறார்கள். "அண்ணே, எட்டிப் பாக்காதீங்க" என்று ஆபரேட்டர் தம்பி என் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தான்.

கீழே விழுந்த துண்டு ஒன்றை எடுத்துப் பார்த்தேன். உள்ளங்கை அகலம். ஓரத்தில் மீன் முள் மாதிரி கம்பி நீட்டிக்கொண்டு இருந்தது, கையுறை இல்லாமல் தொட்டால் ரத்தம்தான். ஒரு பக்கம் தேய்ந்த பட்டன், இன்னொரு துண்டில் 3217 என்று நாலு இலக்கம், அதாவது 2017-ம் வருஷம் 32-வது வாரம் தயாரானது. என்னென்ன ரோட்டில் ஓடியதோ. பெரிய துண்டுகளைச் சல்லடை பிரித்து மறுபடி மேலே அனுப்புகிறது, கேட்ட அளவு வரும்வரை அது சுற்றிவந்துகொண்டே இருக்கும்.

இந்த உள்ளங்கைத் துண்டாகவே விற்றால் அது எரிபொருள். ஒரு கிலோவில் ஏறக்குறைய 7,500 கிலோகலோரி. நமக்குப் பக்கத்திலிருக்கிற நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி 2,500 சுமார்தான், அப்படியென்றால் மூன்று மடங்கு. போகி நெருப்பில் எரிவதற்கும் சிமென்ட் சூளையில் எரிவதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். சூளைக்குள் கல் 1,450 டிகிரி வரை சூடாகிறது, சுடர் அதைவிடச் சூடு, அந்தச் சூட்டில் புகையாக மிஞ்சுவதற்கு எதுவும் இல்லாமல் எரிந்துவிடும், கந்தகத்தைச் சுண்ணாம்பு பிடித்துக்கொள்ளும், கம்பியில் இருக்கிற இரும்பு கிளிங்கரோடு, அதாவது அரைத்தால் சிமென்ட் ஆகிற கட்டியோடு, சேர்ந்துவிடும், சிமென்டுக்கு எப்படியும் இரும்பு தேவை. சாம்பல் என்று தனியாக அள்ளிக் கொட்ட ஒன்றும் மிஞ்சாது. சுண்ணாம்புக்கல்லும் சிமென்ட் ஆலைகளும் நிறைந்த அரியலூர் நம்மிடமிருந்து ஒரு காலைப் பொழுதுப் பயணம்.

ஆனால் எரிப்பது எனக்குக் கடைசி வழியாகத்தான் படுகிறது. இன்னும் அரைத்தால் இன்னும் நல்ல வேலைக்கு ஆகும். இரண்டாவது மெஷினில் விரல் நுனியளவு துண்டாகிறது, அங்கே காந்தம் கம்பியை இழுத்துக்கொள்கிறது. கன்வேயருக்கு மேலே தொங்குகிற காந்தப் பட்டையில் மயிர்க்கொத்து மாதிரி கம்பி ஒட்டிக்கொண்டு போய் ஒரு மூலையில் உதிர்வதை நான் பத்து நிமிஷம் பார்த்துக்கொண்டே நின்றேன். நைலான் நூல் இலவம்பஞ்சு போலப் பிரிந்து காற்று உறிஞ்சியில் போகிறது. மூன்றாவது அரைவையில் ரவை. 30 மெஷ் என்பார்கள், ஓர் அங்குலத்துக்கு முப்பது கண் இருக்கிற சல்லடையில் இறங்குகிற தூள். கையில் அள்ளினால் வறுத்த ரவை போலவே வழிகிறது, நிறம்தான் கறுப்பு. இன்னும் மாவாக வேண்டும் என்றால் திரவ நைட்ரஜனில் உறையவைத்து, கண்ணாடி மாதிரி ஆக்கிச் சுத்தியலில் நொறுக்குகிற முறையும் இருக்கிறது, செலவு அதிகம்.

இந்த ரவையைத் தாரோடு சூட்டில் கலந்தால் ரோடு போடலாம், நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவில். வெயிலில் தார் இளகி வண்டித்தடம் விழுவது குறைகிறது, சீக்கிரம் வெடிப்பதும் குறைகிறது. நம் ஊர் மே மாத வெயிலுக்கு வேறு என்ன வேண்டும்? எண்ணெயும் ரசாயனமும் சேர்த்து வேகவைத்துக் கந்தக முடிச்சுகளில் கொஞ்சத்தை அவிழ்த்தால் ரீக்ளெய்ம் ரப்பர், அது மிதியடியாக, சைக்கிள் டயராக, லாரிக்குப் பின்னால் தொங்குகிற மட்ஃபிளாப்பாக ஆகிறது. மாட்டுக்கொட்டகையில் விரிக்கிற பாயும் அதுதான், சிமென்ட் தரையில் மாட்டுக்கு முட்டி தேயாது.

எல்லாமே நல்லது என்று நான் சொல்ல மாட்டேன். துண்டுகளை மலையாகக் குவித்தால் கம்பி துருப்பிடிக்கிற சூட்டிலேயே தானாகப் பற்றிக்கொள்ளக் கூடும், அதனால் மண்ணுக்குப் பதிலாக ரோட்டுக்கு அடியில் நிரப்பும்போது ஓர் அடுக்கு மூன்று மீட்டர் உயரத்தைத் தாண்டக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். விளையாட்டு மைதானச் செயற்கைப் புல்தரையில் தூவ இந்தத் தூளை விற்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2031 அக்டோபரிலிருந்து அனுமதிக்காது, காற்றிலும் மழையிலும் அது மண்ணுக்கும் தண்ணீருக்கும் போய்ச் சேருகிறது என்பதால். நான் பார்த்த ஆலையிலும் அரைக்கிற பகுதியில் தூசி இருந்தது, நாலு பேரில் ஒருவர்தான் முகமூடி போட்டிருந்தார். அதை முதலாளியிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். சொன்னதோடு நிறுத்தக் கூடாது என்று இப்போதும் தோன்றுகிறது.

டயரைக் காற்றுப் புகாத கொப்பரையில் போட்டு வாட்டி எண்ணெய் எடுக்கிறார்களே, அந்தப் பைராலிசிஸ் பற்றிக் கேட்பீர்கள். எண்ணெய் வரும், கரி வரும், கம்பி வரும், உண்மைதான். ஆனால் ஒரு ஈடு வாட்டிவிட்டுக் கொப்பரையைத் திறந்து கரியை வாருகிற ஆட்களின் நெஞ்சுக்குள் போகிறது எவ்வளவு என்று நினைத்தால் எனக்கு அந்த முறை பிடிக்கவில்லை. அந்த வேலைக்காக வெளிநாட்டுப் பழைய டயரை இறக்குமதி செய்யக் கூடாது என்று 2022 ஜூலையில் வந்த மத்திய அரசு விதியிலேயே தடை இருக்கிறது. அந்த விதிதான் டயர் கம்பெனிகளின் தலையிலும் பொறுப்பைக் கட்டியது: 2022-23-ல், இரண்டு வருஷம் முன்பு தயாரித்த எடையில் 35 சதவீதத்துக்கு மறுசுழற்சிச் சான்று வாங்கவேண்டும், அடுத்த வருஷம் 70, அதற்கடுத்து 100. நல்ல விதி. ஆனால் எங்கள் கடைப் பக்கம் பழைய இரும்பு வண்டிக்காரரைத் தவிர வேறு யாரும் வந்து டயர் கேட்டதில்லை.

ஏன் வரவில்லை என்பதற்கும் அந்த உருவம்தான் காரணம். ஆலையிலிருந்து திரும்பியதும் நான் ஒரு காரியம் செய்தேன். குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஒன்றை வாடகைக்குப் பிடித்து, கடைக்குப் பின்னால் கிடந்த கார் டயர்களை ஏற்றினேன். அடுக்கி, மேலே ஒரு வரிசை கயிறு போட்டுக் கட்டி, ஐம்பத்திரண்டு. இதற்கு மேல் ஏறவில்லை. ஒரு கார் டயர் தேய்ந்தபின் எட்டு கிலோ சுமார். முக்கால் டன் தாங்குகிற வண்டியில் நானூற்றுச் சொச்சம் கிலோ, மீதியெல்லாம் நாங்கள் புதுச்சேரிக்குச் சுமந்துபோன காற்று. எடைச்சீட்டுப்படி கொடுத்த பணம் வண்டி வாடகைக்கும் டீசலுக்கும் சரியாக இருந்தது. அப்பாவிடம் சீட்டைக் கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார்.

"முழுசா ஏத்துனியா?"

"ஆமாம்ப்பா."

"அங்க ஒருத்தர் சோப்புத் தண்ணி தொட்டு வெட்டுறாருன்னியே."

எழுபத்திமூன்று வயது. முட்டி வலி இருக்கிறது, கையில் பலம் போகவில்லை. மறுநாள் காலையில் நான் போனபோது பின்னால் பனியனோடு உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் வாளி. டயரின் இரண்டு பக்கச் சுவரையும் வட்டமாக அறுத்து எடுத்துத் தட்டு மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார். நடுப்பகுதியை மட்டும், உள்ளே கம்பிப் பட்டை இருப்பதால், பட்டறையிலிருந்து கட்டிங் மெஷின் வாங்கிவந்து ஒரே இடத்தில் வெட்டினோம், விரித்தால் பட்டையாகிவிடுகிறது, ஒன்றுக்குள் ஒன்று செருகலாம். தீப்பொறி பறக்கும் என்பதால் ஒரு வாளித் தண்ணீரும் மண்ணும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் செய்தோம். உச்சி வெயிலுக்குள் பதினெட்டு டயர் முடிந்தது. அன்று சாயங்காலம் மழை பெய்தது. அடுக்கிவைத்ததன் மேல் விழுந்த தண்ணீர் வழிந்து கீழே மண்ணுக்குள் போனதை அப்பா கடையின் பின்வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நடையில் அதே குட்டியானையில் தொண்ணூற்று ஒன்று போயிற்று.